பழைய ராணுவத் தொப்பிகள்: செட்டிநாட்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதிக்குப் பழம்பொருள் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் எனாமல் தூக்கு, பர்மா தேக்குக் கதவு, பெல்ஜியம் கண்ணாடி என்றுதான் கேட்பார்கள். நான் இருபது வருடமாக அங்கே ராணுவத் தொப்பி தேடுகிறவன். இது கடைக்காரர்களுக்குத் தெரியும் என்பதால் தொப்பியோடு யார் வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். அப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

மிலிட்டரி தொப்பின்னா எந்தத் தொப்பி? எல்லாத்தையும் சேர்க்கிறீங்களா?

இல்லை. நான் சேர்ப்பது முன்னால் பீக், அதாவது நெற்றிக்கு மேல் நீளும் விறைப்பான விளிம்பு, வைத்த தொப்பி மட்டும். ஆபீசர் தொப்பி, பீக் கேப் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். இரும்புத் தொப்பி, பெரே (விளிம்பில்லாத மெத்தென்ற தட்டைத் தொப்பி), கூர்க்கா தொப்பி எல்லாம் தனித்தனி உலகம்.

உறுப்புகளின் பெயரைத் தெரிந்துகொண்டால் கீழே வருவதெல்லாம் எளிதாகப் புரியும். மேலே வட்டமாக விரிவது கிரவுன். அதன் விளிம்புக்குள் ஓடும் கம்பி வளையம்தான் தொப்பியை விறைப்பாக நிறுத்துகிறது. தலையைச் சுற்றி வருவது பட்டை. துணி ஓரத்தில் கயிறு போலத் தைத்திருப்பது பைப்பிங். பீக்குக்கு மேலே கிடக்கும் தோல் வார் நாடிவார், அதன் இரு முனையிலும் சின்னப் பொத்தான்கள். உள்ளே நெற்றியில் படும் தோல், வியர்வைப் பட்டை.

செட்டிநாட்டுல இந்தத் தொப்பிக்கு என்ன வேலை? இங்க எப்படி வந்துச்சு?

வட்டிக்கடை வைக்கவும் வியாபாரத்துக்கும் நகரத்தார் போன ஊர்களை எண்ணிப் பாருங்கள்: ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு. எல்லாமே பட்டாளம் இருந்த ஊர்கள். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது கையில் கிடைத்ததோடு திரும்பியவர்கள் உண்டு. போர் முடிந்து மறுபடி போய், மீதியை மூட்டை கட்டி வந்தவர்களும் உண்டு. அந்தப் பெட்டிகளில் சில, வீட்டின் இரண்டாம் கட்டில் ஐம்பது அறுபது வருடம் பூட்டியே கிடந்தன.

இன்னொரு வழி, போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய சாமான். அது மூட்டை மூட்டையாகப் பழைய துணி வியாபாரிகளிடம் வந்தது. ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களும் நிறைய. அதனால் இங்கே தொப்பி கிடைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. துணியும் தோலும் இத்தனை வருடம் பிழைத்திருப்பதுதான் ஆச்சரியம்.

எங்க வீட்டுப் பெட்டியில ஒண்ணு இருக்கு. ஆர்மி தொப்பிதானா?

பத்துப் பேர் காட்டினால் ஆறேழு பேருடையது ஆர்மி தொப்பி அல்ல. ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, தீயணைப்புப் படை, போலீஸ் அதிகாரி, வங்கிக் காவலர் எல்லோரும் பீக் வைத்த தொப்பி போட்டவர்கள்தாம். செட்டிநாட்டுக்கென்று மேலும் இரண்டு உண்டு. பெரிய வீடுகளில் கார் ஓட்டியவருக்கு வெள்ளையிலோ காக்கியிலோ தைத்துக் கொடுத்த டிரைவர் தொப்பி ஒன்று. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர் போட்ட தொப்பி இன்னொன்று. சிவப்பும் ஜரிகையுமாக இருப்பதால் பேண்டுத் தொப்பியைப் பார்த்ததும் ‘ஜெனரல் தொப்பி’ என்று துள்ளிவிடுவார்கள்.

பேண்டுத் தொப்பியில் பீக் பெரும்பாலும் ரெக்சின் ஒட்டிய அட்டை, ஜரிகை பசையால் ஒட்டியது, உள்ளே வியர்வைப் பட்டை தோலாக இருக்காது. டிரைவர் தொப்பியில் பேட்ஜ் மாட்டத் துளையே இருக்காது. ரயில்வே, போலீஸ் தொப்பிகளைப் பேட்ஜை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆனால் டிரைவர் தொப்பி என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். அந்த வீட்டின் கதை அதில் இருக்கிறது, பத்திரமாக வையுங்கள்.

கையில எடுத்ததும் மொதல்ல பேட்ஜைத்தானே பார்க்கணும்?

எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள், அதனால்தான் ஏமாறுகிறார்கள். பேட்ஜை ஒரு நிமிடத்தில் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். தொப்பியின் உள்ளே எண்பது வருடம் படிந்ததை ஒரு நிமிடத்தில் மாற்ற முடியாது. எனவே தொப்பியைக் கவிழ்த்து, உள்ளே பாருங்கள்.

முதலில் வியர்வைப் பட்டை. நெற்றிப் பக்கம் கறுத்து, பின்பக்கம் வெளுப்பாக இருப்பது இயல்பு. சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் யாரோ தேயிலைத் தண்ணீரோ சாயமோ பூசியிருக்கிறார்கள். அடுத்து அளவு. பிரிட்டிஷ் வழித் தொப்பியில் 6⅞, 7, 7⅛ என்று இருக்கும். 7 என்பது ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் தலைச்சுற்று. ஐரோப்பியத் தொப்பிகளில் நேரடியாக 56, 57 என்றே இருக்கும். பிறகு தையல்காரர் முத்திரை. கல்கத்தா ராங்கன், பெல்ப்ஸ், லண்டன் ஹெர்பர்ட் ஜான்சன் போன்ற பெயர்கள் லைனிங்கில் தங்க எழுத்தில் இருந்தால், அது அதிகாரி தன் காசில் தைத்துக்கொண்டது. அரசு கொடுத்ததில் மை முத்திரைதான் இருக்கும்.

அப்புறம் வியர்வைப் பட்டையை மெல்ல வெளியே மடித்துப் பாருங்கள். என்னிடம் ஒரு காக்கித் தொப்பி இருக்கிறது. அளவு 7¼. அதன் பட்டைக்குள் தமிழ்ச் செய்தித்தாளை விரல் அகலத்துக்கு நாலாக மடித்துச் செருகியிருந்தார்கள். முதல் சொந்தக்காரருக்குப் பெரிய தலை, அடுத்தவருக்குச் சின்னத் தலை என்று புரிந்தது. நெற்றித் தோலில் ரோஸ் நிறத்தில் மாவு போல ஒரு படிவு. விரலில் தேய்த்து மோந்த பிறகுதான் அது அரிதாரம் என்று பிடிபட்டது. யாரோ வெள்ளைக்கார அதிகாரி போட்ட தொப்பியை, பிறகு நம் நாடகக்காரர் ஒருவர் மேடையில் வெள்ளைக்கார அதிகாரியாக நடிக்கப் போட்டிருக்கிறார். அந்தக் காகிதத்தை இன்னும் எடுக்கவில்லை, அரிதாரத்தைத் துடைக்கவும் இல்லை.

பேட்ஜ்ல இருக்கிற கிரீடத்தை வச்சு வருஷம் சொல்லிடலாமாமே?

குறிப்பிட்ட ஒரு வருடத்தைச் சொல்ல முடியாது, காலகட்டத்தைச் சொல்லலாம். கிரீடத்தின் மேல் வளைவுகளைப் பாருங்கள். வளைவுகள் பள்ளம் இல்லாமல் ஏறிக் குவிந்திருந்தால் ‘ராஜா கிரீடம்’, 1901 முதல் 1952 வரை. இரு பக்கமும் தோள் போலப் புடைத்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ‘ராணி கிரீடம்’, இரண்டாம் எலிசபெத் காலம். இப்போதைய மன்னர் சார்லஸ் மறுபடி பழைய வடிவத்தையே எடுத்துக்கொண்டதால், 2022-க்குப் பிறகு அடித்த புது பேட்ஜும் ராஜா கிரீடத்தோடு வருகிறது. இதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் உண்டு.

எழுத்துகளும் உதவும். இந்திய ராணுவ சப்ளைப் பிரிவுக்கு ‘ராயல்’ என்ற அடைமொழி கிடைத்தது 1935-இல். 1950-இல் குடியரசு ஆனதும் அது போய்விட்டது. ஆகவே ஆங்கிலத்தில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. (ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்) என்று பொறித்திருந்தால் இந்தப் பதினைந்து வருட இடைவெளிதான். இந்திய ராணுவ மருத்துவப் பிரிவு 1943 ஏப்ரலில் உருவானது, அதன் பேட்ஜ் அதற்கு முன் இருக்க வழியில்லை.

சிங்க முத்திரை இருந்தா நம்ம ராணுவம்னு வச்சுக்கலாமா?

நம் நாட்டுடையது என்று வைத்துக்கொள்ளலாம். ராணுவம் என்று சொல்லச் சிங்கம் மட்டும் போதாது, போலீஸ் பேட்ஜிலும் அது உண்டு. 1950 ஜனவரி 26-இல் கிரீடம் இறங்கி அசோகச் சிங்கம் ஏறியது. இங்கே ஒரு நுட்பம்: 1947 ஆகஸ்டு முதல் 1950 ஜனவரி வரை நாடு சுதந்திரம் பெற்றிருந்தும் பேட்ஜில் கிரீடமே இருந்தது. கிரீடம் இருந்தால் வெள்ளைக்காரன் காலம்தான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

பட்டை சிவப்பாக இருந்தால் கர்னல், அதற்கு மேல் உள்ளவர் என்று பொருள். நம் பக்கத்தவர் அதிகம் சேர்ந்த மெட்ராஸ் ரெஜிமெண்டின் பேட்ஜில் யானை இருக்கும். 1803 அஸ்ஸாயே போரில் மெட்ராஸ் படைகள் காட்டிய வீரத்துக்குக் கிடைத்த யானை அது. அந்த ரெஜிமெண்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. யானை பேட்ஜைப் பார்த்தால் எனக்கு இன்றும் கை நடுங்கும்.

ராணி கிரீடம் வைத்த தொப்பி செட்டிநாட்டுப் பெட்டியில் கிடைத்தால் குழம்ப வேண்டாம். இந்திய ராணுவம் ராணி கிரீடத்தை அணிந்ததே இல்லை. ஆனால் இலங்கை 1972-இல் குடியரசாகும்வரை அங்கே அது இருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பமா என்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளே அம்புக்குறி மாதிரி முத்திரை இருக்கு, அது என்ன?

மேல்நோக்கிய மூன்று கோட்டு அம்பு, பிரிட்டிஷ் அரசின் சொத்துக் குறி. அதன் கீழே ஆங்கில ‘ஐ’ இருந்தால் இந்தியாவில் தயாரானது. அம்பு ‘சி’ எழுத்துக்குள் இருந்தால் கனடா. மை முத்திரை துணி இழைக்குள் ஊறி, ஓரம் மங்கி இருக்க வேண்டும். துணியின் மேல் மிதப்பது போலப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஜெர்மன், ரஷ்யா, அமெரிக்கா, ஜப்பான் தொப்பியெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒவ்வொன்றும் தனிப் படிப்பு. வாசலை மட்டும் காட்டுகிறேன். அமெரிக்க ராணுவத்தில் அதிகாரிக்குப் பெரிய கழுகு தனியாக இருக்கும், சாதாரண வீரருக்கு அதே கழுகு ஒரு வட்டத் தகட்டின் மேல் இருக்கும். பீக் பழுப்புத் தோலாக இருந்தால் இரண்டாம் போர்க் காலத்துப் பழைய உடை, கறுப்பாக இருந்தால் 1950-களின் பிற்பகுதியில் வந்த பச்சை உடைக்கானது.

இரண்டாம் போர்க் கால ஜெர்மன் தரைப்படைத் தொப்பியில் பைப்பிங் நிறம்தான் பிரிவைச் சொல்லும்: வெள்ளை காலாட்படை, சிவப்பு பீரங்கி, ரோஸ் டாங்கி, பொன்மஞ்சள் குதிரைப்படை. அதிகாரிக்கு வெள்ளி முறுக்குக் கயிறு, மற்றவர்களுக்குக் கறுப்புத் தோல் வார். உலகத்தில் அதிகம் போலி செய்யப்படுவது இதுதான், நான் வாங்குவதில்லை. சோவியத் தொப்பியில் செந்நட்சத்திரமும் பட்டை நிறமும் பேசும்: கறுப்பு டாங்கியும் பீரங்கியும், வெளிர்நீலம் விமானப்படை. 1990-களில் மலிவாக வெளியே வந்தவை நிறைய என்பதால் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு நல்ல தொடக்கம்.

ஜப்பானியத் தொப்பியில் ஒற்றை நட்சத்திரம். உள்ளே அவர்கள் எழுத்தில் ஆண்டு முத்திரை இருந்தால் அது ஷோவா ஆண்டு, அதாவது அன்றைய ஜப்பான் பேரரசர் காலக் கணக்கு. அதோடு 1925-ஐக் கூட்டுங்கள். 17 என்றால் 1942. பர்மா, மலாயாவிலிருந்து வந்த பெட்டியில் இப்படி ஒரு முத்திரையைப் பார்த்தால் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் மெதுவாக, பொறுமையாகக் கேளுங்கள். அவர்களுக்கு அது கெட்ட காலத்தின் நினைவு.

போலின்னு எப்படித் தெரியும்? எங்கிட்ட லென்ஸ்கூட இல்லை.

உள்ளே பார்ப்பது பாதி வேலை, அதை மேலே சொல்லிவிட்டேன். மீதிக்குக் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு போதும். இருட்டில் தையல் நூல் மேல் அடியுங்கள். துணியை வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் 1950-களுக்குப் பிறகுதான் பரவின. நூல் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் பிற்காலத்தது. ஒரு எச்சரிக்கை: யாராவது சோப்புப் பவுடரில் துவைத்திருந்தால் பழைய துணியும் ஒளிரும். துணி முழுவதும் ஒரே மாதிரி மின்னினால் துவைத்தது, நூல் மட்டும் மின்னினால் புதுத் தையல்.

உள்மடிப்பிலிருந்து உதிரி இழை ஒன்றை எடுத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். கெட்டியான மணியாக உருகினால் பாலியஸ்டர், அது இரண்டாம் போர்க் காலத் தொப்பியே அல்ல.

பேட்ஜின் முதுகைத் திருப்புங்கள். அச்சில் அடித்த தகட்டில் முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாகத் தெளிவாகத் தெரியும். உருக்கி வார்த்த போலி கனமாக, பின்பக்கம் தட்டையாக, ஊசிக் குழிகளோடு இருக்கும். எட்டு வருடத்துக்கு முன் வெளியூர்ச் சந்தை ஒன்றில் இந்த முதுகைப் பார்க்காமல் ஒரு பேட்ஜை 4,000 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பினால் குழி குழியாக இருந்தது.

பேட்ஜ் இல்லாத தொப்பி கிடைச்சிருக்கு. பொருத்தமான பேட்ஜ் வாங்கி மாட்டலாமா?

மாட்டாதீர்கள். வேண்டுமானால் பக்கத்தில் தனியாக வையுங்கள். பட்டையின் முன்புறத்தில் துளைகளைப் பாருங்கள்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை என்றால் முதுகில் வளையங்கள் வைத்த பேட்ஜ், ஒரே நீளப் பிளவு என்றால் பட்டைக் கம்பி செருகும் பேட்ஜ். வெயில் படாத இடத்தில் துணி கருமையாக, பேட்ஜின் நிழல் உருவம்கூடத் தெரியும். அந்த நிழலே ஆதாரம். புது பேட்ஜ் மாட்டினால் அடுத்த தலைமுறைக்கு ஒரு பொய்யைக் கொடுக்கிறோம்.

பித்தளை கறுத்துப்போச்சு, பிராஸோ போட்டுத் தேய்ச்சுடட்டுமா? இல்ல, புளி?

இரண்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கும் கை நமக்கு, பித்தளை கறுத்திருந்தால் பொறுக்காது. ஆனால் பேட்ஜில் தங்கமுலாம் இருந்தால் ஒரு தேய்ப்பில் போய்விடும், பொறிப்பின் கூர்மை மழுங்கும், பாலிஷ் வெள்ளையாகப் பட்டைத் துணியில் இறங்கிக் கறையாகும். மென்மையான பிரஷால் தூசி தட்டினால் போதும். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் மட்டும் பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டலாம். தோலுக்கு எண்ணெய் தடவ வேண்டாம், இளகி ஒட்டிக்கொள்ளும். துணியைத் துவைக்கவே கூடாது: உள்ளே இருக்கும் அட்டை ஊறினால் தொப்பி முடிந்தது.

அந்துப்பூச்சி, வெள்ளிப்பூச்சிக்கு என்ன செய்றீங்க?

சந்தேகம் வந்ததும் தொப்பியைப் பாலித்தீன் பையில் காற்று போகக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கிறேன். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். பீக்கின் பளபளப்புப் பூச்சு வெடித்திருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

அந்துருண்டை பழைய பிளாஸ்டிக், செல்லுலாய்டுக்கு ஆகாது. வசம்பும் நொச்சியும் நம் வீட்டு வழக்கம், நல்லதுதான், ஆனால் துணிப் பையில் கட்டிப் பெட்டியின் மூலையில் வையுங்கள், தொப்பியில் படக் கூடாது. கிரவுனுக்குள் அமிலமில்லாத மெல்லிய காகிதத்தைப் பந்தாகத் திணித்து வையுங்கள், பீக் மேல் எடை ஏற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

எங்க ஐயா சிப்பாயா பர்மாவுல சண்டை போட்டவர். வீட்ல இருக்கிற ஆபீசர் தொப்பி அவரோடதுதானே?

மனம் நோகாமல் சொல்ல வேண்டிய பதில் இது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் தலைப்பாகை, மடிப்புத் தொப்பி போன்றவைதான். பீக் வைத்த தொப்பி, கமிஷன் (முறையான அதிகாரி நியமனம்) பெற்ற அதிகாரிக்கு உரியது. இங்கிலாந்தில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் இந்தியர்களுக்கு இடம் கிடைத்ததே முதல் போர் முடிகிற சமயத்தில், அதுவும் ஆண்டுக்குப் பத்துப் பேர். டேராடூன் அகாடமி 1932-இல்தான் தொடங்கியது. எனவே அது அவர் தலையில் இருந்த தொப்பியாக இருப்பது அரிது.

ஆனால் அவர் கையில் இருந்த தொப்பியாக இருக்கலாம். அதிகாரியிடம் பணியாளராக இருந்தவருக்கு அவர் ஊர் திரும்பும்போது கொடுத்தது, களத்தில் எடுத்தது, போர் முடிந்து வாங்கியது என்று வழிகள் பல. சம்பளப் புத்தகம், டிஸ்சார்ஜ் சான்று, பதக்கம் எதாவது பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்திருந்தால் அவர் எந்தப் படை என்று தெரிந்துவிடும், அதைத் தொப்பியின் பேட்ஜோடு ஒப்பிடலாம். அவர் டாக்டராக இருந்திருந்தால் கதை வேறு: ராணுவ மருத்துவத்தில் கமிஷன் பெற்ற இந்தியர்கள் கணிசம், அவர்கள் பீக் தொப்பி போட்டவர்கள்தாம்.

என்ன விலை போகும்?

ஒரு எண் சொல்ல மாட்டேன். பெயர் எழுதிய, தையல்காரர் முத்திரையுள்ள, பேட்ஜ் மாற்றாத தொப்பிக்கு ஒரு விலை. அதே தொப்பியில் இந்த மூன்றும் இல்லை என்றால் அதில் கால்வாசிகூட வராது. குடும்பக் கதையோடு வந்தால் அந்தக் கதையை எழுதி, தேதி போட்டு, தொப்பியோடு வையுங்கள். விற்க வேண்டிய நெருக்கடி இல்லை என்றால் விற்காதீர்கள்.

போட்டுக்கிட்டு போட்டோ எடுக்கலாமா? வெளிநாட்டுல கேட்கிறாங்க, அனுப்பலாமா?

வீட்டில் வைத்திருப்பதோ படம் எடுப்பதோ குற்றமில்லை. ராணுவத்தில் இருப்பவர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு ராணுவ உடையை ஒத்ததை அணிவதுதான் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 140-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 168. மூன்று மாதம் வரை சிறை உண்டு. பணியில் இருக்கும் பிள்ளைகளின் இன்றைய தொப்பியை வாங்கவோ விற்கவோ வேண்டாம் என்பது என் சொந்தக் கட்டுப்பாடு.

அனுப்புவது பற்றி: 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயது தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்த் தொப்பி இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்டது என்றால் தொல்லியல் துறையில் எழுத்தில் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

உள்ளே யாரோ பேர் எழுதியிருக்கு. அந்தக் குடும்பத்தைத் தேடணுமா?

நான் தேடுகிறேன். பெயரோடு முதலெழுத்தும் பதவியும் இருந்தால், அந்தக் கால ராணுவ அதிகாரிகள் பட்டியலில் பார்க்கலாம். பிரிட்டிஷ் பட்டியல்கள் நிறைய இணையத்திலேயே இருக்கின்றன. இந்தியப் பெயர் என்றால் ரெஜிமெண்ட் மையத்துக்குக் கடிதம் எழுதலாம்.

இரண்டு முறை ஆள் கிடைத்தது. ஒருவர் வேண்டாம், நீங்களே வைத்திருங்கள் என்றார். இன்னொரு குடும்பம் தேவகோட்டைக்கே வந்தது. வந்த அம்மா தொப்பியைக் கையில் வாங்கியதும் கவிழ்த்து, வியர்வைப் பட்டையை மோந்து பார்த்தார். நான் வாங்கிய விலையைக்கூடச் சொல்லவில்லை, பெட்டியோடு கொடுத்து அனுப்பினேன்.